பெயர் அழிந்த ஃபைல்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையின் மாடியில் இருந்த சர்வர் அறையில் தனியே உட்கார்ந்திருந்த இளமதிக்கு ஏதோ இடறியது. டிஸ்க் நிரம்பிவிட்டது என்றது மெஷின். உள்ளே இருந்த ஃபைல்களையெல்லாம் கூட்டிப் பார்த்தாலோ பாதிகூடத் தேறவில்லை. உலைக்கு விடுமுறை என்பதால் தகரக் கூரையில் விட்டுவிட்டுப் பெய்த மழையும், ஏசியின் முனகலும், என்றைக்கோ காய்ந்த ஃபர்னஸ் ஆயிலின் கமறலும் மட்டுமே அந்தக் கட்டடத்தில் அவளுக்குத் துணையிருந்தன.

துளசிராமனுக்குப் போன் போட்டாள். வேலை வாங்கித் தந்தவர், வேலை கற்றுத் தந்தவர். ஆறு வருஷமாக அவளுக்கு அண்ணா.

"ஆளுங்க எங்க இருக்காங்கன்னு காட்டுற புரோகிராம்தான் பேஜாரு பண்ணுது. நிறுத்திட்டு மறுபடி ஏத்தும்மா. நோண்டிக்கினு இருக்காத" என்றார்.

நிறுத்துமுன் அது எந்த ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது அவள் வழக்கம். அவரே கற்றுத் தந்ததுதான். பார்த்தாள். யாரோ அழித்துவிட்ட ஒரு லாக் ஃபைல். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் திறந்து வைத்திருப்பதை அழித்தால் பெயர்தான் போகும். புரோகிராம் நிற்கும்வரை உள்ளே எழுத்து விழுந்து இடத்தை நிரப்பிக்கொண்டேயிருக்கும்; நின்றால் எல்லாமே அழிந்துவிடும்.

திறந்தாள். தொழிலாளர்களின் ஹெல்மெட்டில் உள்ள டேக் எங்கே நகர்கிறது என்று வரிவரியாக. 214. விரல் நின்றது.

அது ஸ்டீபனின் எண். கவரைப்பேட்டையிலிருந்து வரும் கான்ட்ராக்ட் தொழிலாளி, திங்கட்கிழமையிலிருந்து காணவில்லை. அவன் மனைவி ஏஞ்சல் தினமும் கேட்டில் வந்து நின்றாள். "அவரு சொல்லாம எங்கியும் போவ மாட்டாருக்கா" என்று அழுதவளிடம், துளசிராமன் கொடுத்த கேட் பதிவுத் தாளைக் காட்டி, அன்று சாயங்காலமே அவன் வெளியே போய்விட்டதாகத் தன் வாயாலேயே சொல்லி அனுப்பியிருந்தாள் இளமதி.

இந்த லாக்கில் அவன் வெளியே போகவேயில்லை.

திங்கள், 4.10. 214, மூன்றாம் கழிவுக் குழியில் இறங்கினார்.

4.32. எச்சரிக்கை. குழியில் விஷவாயு. ஆள் உள்ளே.

4.33. எச்சரிக்கை நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர்: இளமதி.

அன்று அவள் பொதட்டூர்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள். சின்ன வேலை ஒன்று பாக்கி என்று போனில் அவளுடைய பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கியவர் அண்ணாதான். ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தாள். தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதனன்று மூன்றாம் குழியைக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள்.

கீழே நகர்த்தினாள். வியாழன். 214, அசைவு. வெள்ளி. அசைவு. சனி. அசைவு. கடைசி வரி. இன்று. இந்த நிமிஷம்.

அசைவு.

கதவு திறந்து மூடியது. துளசிராமன். சட்டை நனைந்திருந்தது. திரையைப் பார்த்தார். அவர் முகம் மாறவேயில்லை.

"உள்ளே இருக்கான்ணா" என்றாள்.

"நிறுத்துன்னுதானே சொன்னேன்?" வேலை கற்றுத் தந்த அதே சாந்தமான குரல். அவள் தோளுக்கு மேலாகக் கை நீட்டி, தானே புரோகிராமை நிறுத்தினார்.

லாக் போயிற்று. டிஸ்க் காலி. வெறும் திரை. அவர் மூச்சு அவள் கழுத்தில்.

ஓடாத புரோகிராமிலிருந்து ஒரு வரி விழுந்தது.

214, மாடிப்படி.

இன்னொன்று.

214, சர்வர் அறை.

துளசிராமனின் கை விசைப்பலகையிலேயே உறைந்தது. அவர் திரும்பவில்லை. இளமதி திரும்பினாள்.

மூடிய கதவுக்கு இந்தப் பக்கம், தரையில், சிமெண்ட் சேறு சொட்டும் வெறுங்கால் தடங்கள் இரண்டு. விரல்கள் அவர் முதுகைப் பார்த்து.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது பதிந்தது.