கத்திக்கு முன் ஒரு சந்தேகம்

ட்ர்ர்ரிங்...! ட்ர்ர்ரிங்...!

ஆபரேஷன் தியேட்டர் சுவரில் இருந்த போன் அலறியது.

டாக்டரம்மா முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றிருந்தார். பதினெட்டு வருட சர்ஜன். கை கழுவும்போது யார் கூப்பிட்டாலும் எரிந்து விழுவார்.

நர்ஸ் ரிசீவரை எடுத்து அவர் காதோரம் பிடித்தாள்.

"யாருய்யா அது, கை கழுவற நேரத்துல...?"

"மேடம், லேப்ல இருந்து பேசறேன்! உடம்பு இளைக்க ஆபரேஷனுக்கு வந்திருக்காங்களே ஒரு அம்மா... கத்தி வெச்சுட்டீங்களா?"

"இன்னும் இல்ல. வெளியில ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்காங்க. ஏன்?"

"நல்லவேளை! வெக்காதீங்க மேடம்! ரத்தம் உறையற டெஸ்ட் இப்பத்தான் முடிஞ்சுது. ஒண்ணு இருக்கணும். ஏழு வருது! ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டேன்!"

ஏழு...!

டாக்டரம்மாவின் விரல் நுனியிலிருந்து நுரை சொட்டியது.

"ஏழுன்னா கத்தி பட்ட இடத்துல ரத்தம் நிக்கவே நிக்காதேய்யா! நேத்தே வர வேண்டிய ரிப்போர்ட் இப்பத்தான் வருதா?"

"நம்ம லேப் சார் சம்சாரம்தானே மேடம் அது. காலையில வீட்லயே ரத்தம் எடுத்துட்டு வந்து கொடுத்தார். சொந்தக்காரங்க ரத்தத்தை அவங்களே டெஸ்ட் பண்ணக் கூடாதுன்னு ரூல் இருக்கு. அதனால நான் போட்டேன்."

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வராந்தாவில் ஸ்ட்ரெச்சர். அதன் மேல் நூற்று முப்பத்தாறு கிலோ எடையோடு அவள். பக்கத்தில், ஐம்பத்தெட்டு கிலோ எடையோடு அவள் புருஷன். இதே ஆஸ்பத்திரியின் லேப் சார். ஜோடிப் பொருத்தம் பார்த்தவர் அன்றைக்குத் தராசு எடுத்துவர மறந்துவிட்டார் போலிருக்கிறது.

அவன் தாடையில் ஒரு பஞ்சுத் துண்டு ஒட்டியிருந்தது. அவள் கையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"பயப்படாதே குண்டும்மா. நான் இருக்கேன்ல."

"எனக்குச் சந்தேகமாவே இருக்குங்க. மயக்கம் கொடுத்தா திரும்ப முழிப்பேனா? இரைப்பையில முக்கால்வாசியை வெட்டி எறிஞ்சிடுவாங்களாமே... அப்புறம் வேணும்னாலும் ஒட்ட முடியாதாமே..."

"கடைசி நிமிஷத்துல எல்லாரும் இப்படித்தான் பினாத்துவாங்க. கண்ணை மூடு. முடிஞ்சிடும்!"

"பேசாம வீட்டுக்குப் போயிடலாமா?"

"வாயை மூடு!"

தடவிக்கொண்டிருந்த கை சட்டென்று அழுத்தியது. டாக்டரம்மாவைப் பார்த்ததும் மறுபடி தடவ ஆரம்பித்தது.

"அவங்க ஆசைப்பட்ட மாதிரியே ஆகிப்போச்சு. இன்னிக்கு ஆபரேஷன் கிடையாது" என்றார் டாக்டரம்மா.

"ஏன் மேடம்?" அவன் குரலில் நிம்மதி இல்லை. கோபம் இருந்தது.

"ரத்தம் உறையல. ஏழு."

அவன் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிட்டது.

"ஏழா...? இருக்கவே முடியாது மேடம்! நான் கொடுத்தது நல்ல ரத்தம்!"

"அதெப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

"அது... வந்து... என் கையால எடுத்தது மேடம்."

டாக்டரம்மா அவளுடைய இடது கையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார்.

"நர்ஸ்! காலையில டிரிப்ஸ் போட எத்தனை தடவை ஊசி குத்தினே?"

"நாலு தடவை மேடம். சதைக்குள்ள நரம்பு சிக்கவே இல்ல."

"நாலு குத்து! எங்கேயாவது நீலம் பாரிச்சிருக்கா? வீங்கியிருக்கா? ஏழு இருக்கற உடம்புல நாலு குத்து குத்தினா இந்தக் கை கத்திரிக்காய் கலர்ல இல்ல இருக்கணும்!"

நர்ஸ் குனிந்து பார்த்தாள். கை சுத்தமாக இருந்தது.

"புதுசா ரத்தம் எடு. நீயே லேப்புக்கு ஓடு. ரிசல்ட் வர்ற வரைக்கும் அங்கேயே நில்லு."

"நான் கொண்டு போறேனே மேடம்..." அவன் கை நீட்டினான்.

"நீங்க இங்கேயே இருங்க லேப் சார்."

நர்ஸ் ஓடினாள்.

டாக்டரம்மா ஸ்ட்ரெச்சர் ஓரமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா... உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஆபரேஷனுக்கு முன்னாடி பதிமூணு நாள் புரோட்டீன் பவுடரைக் கரைச்சுக் குடிங்க, வேற எதையும் தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம்."

"அப்பத்தான் கல்லீரல் சுருங்கும். அதைத் தூக்கிப் பிடிச்சாத்தான் அடியில இருக்கற இரைப்பை கைக்கு வரும். நேத்து ஸ்கேன்ல உங்க கல்லீரல் இம்மிகூடச் சுருங்கல. கஷ்டப்பட்டாவது பண்ணிடலாம்னு இருந்தேன். இப்ப உண்மையைச் சொல்லுங்க. குடிச்சீங்களா?"

அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"குடிக்கல மேடம். பிஸ்கட் தின்னேன்."

"என்னது...!" அவன் துள்ளினான். "ஏய்! நான் என் கையால கலந்து கொடுத்தேனே! காலித் தம்ளரை தினமும் கொண்டாந்து காட்டினியேடி!"

"வாய்ல வெக்க முடியலீங்க."

"என்ன பண்ணினே அதை? கொட்டிட்டியா?"

"கொட்ட மனசு வரலீங்க. சத்தான பவுடராச்சே..." அவள் குரல் இறங்கியது. "நீங்களும் நோஞ்சானா இருக்கீங்க. அதான்... உங்க சூப்புல ஊத்திட்டேன்."

"எ... எத்தனை நாள்?"

"பதிமூணு நாளும்."

வராந்தாவில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். விழுந்தது ஊசி இல்லை.

அவன் தாடையிலிருந்து ஊறிப்போன பஞ்சு கழன்று, தரையில் சிவப்பாக விழுந்தது.

டாக்டரம்மா மெல்ல எழுந்தார்.

"லேப் சார்... காலையில எத்தனை மணிக்கு ஷேவ் பண்ணினீங்க?"

"ஆ... ஆறு மணிக்கு."

"இப்ப பத்தே கால். நாலு மணி நேரமா ஒரு பிளேடு கீறல் நிக்கலையா?"

அவன் உதட்டை நக்கினான். பல் ஈறெல்லாம் சிவந்திருந்தது.

ட்ர்ர்ரிங்...!

இந்தத் தடவை டாக்டரம்மாவே பாய்ந்துபோய் எடுத்தார்.

"மேடம், நர்ஸ் பேசறேன். புது ரத்தம் ஒண்ணுதான்! பக்கா நார்மல்!"

டாக்டரம்மா ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அப்போ காலையில வந்த ட்யூப்ல இருந்தது உங்க சம்சாரம் ரத்தம் இல்ல. யார் ரத்தம் லேப் சார்?"

"மேடம், ஏதோ லேபிள் மாறி..."

"சட்டைக் கையை மடக்குங்க."

"மேடம்..."

"மடக்குய்யா!"

அவன் மடக்கவில்லை. டாக்டரம்மாவே இழுத்து மடக்கினார். முழங்கை மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். நடுவில் ஒரே ஒரு ஊசித் துளை.

"உன் ரத்தத்தை எடுத்து அவங்க பேரை ஒட்டியிருக்கே! அவங்க ரத்தம் டெஸ்ட்டுக்கு வந்தா மாட்டிப்போம்னு தெரிஞ்சிருக்கு. தம்ளர்ல என்னய்யா கலந்தே?"

அவன் ஓடினான்!

பத்தடி. அவ்வளவுதான். அப்போதுதான் துடைத்திருந்த ஈரத்தரை காலை வாரிவிட்டது. மருந்து டிராலியின் விளிம்பில் நெற்றி மோதியது.

வேறு யாராக இருந்தாலும் ஒரு புடைப்போடு எழுந்து வந்திருப்பார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

அரை மணி நேரத்தில் லேப்பில் அவனுடைய டிராயரைத் திறந்தார்கள். இதய நோயாளிகளுக்கு ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை. பாதி காலியான அட்டைகள். அவற்றுக்கு அடியில் மடித்து வைத்த ஒரு தாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் மனநல ஆலோசகர் எல்லோரிடமும் எழுதி வாங்குகிற படிவம்தான் அது. அவள் ஃபைல் லேப் வழியாகப் போனபோது உருவியிருக்கிறான்.

'இளைத்த பிறகு முதலில் என்ன செய்ய ஆசை?'

கீழே அவளுடைய குண்டு குண்டான கையெழுத்து. 'வீட்டை விட்டுத் தனியாகப் போக வேண்டும். திரும்பி வரக் கூடாது.'

டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தார்.

ஐ.சி.யூ. வாசலில் அவள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தாள்.

"மண்டைக்குள்ள ரத்தம் கசியுதும்மா" என்றார் டாக்டரம்மா. "உடனே ஆபரேஷன் பண்ணினா பிழைப்பார். ஆனா பண்ண முடியாது. கத்தி வெச்சா ரத்தம் நிக்காது. மாத்து மருந்து ஏத்தறோம். வேலை செய்யற வரைக்கும் அவர் தாங்கணும்."

"என்னை எப்படிச் சாகடிக்க நினைச்சாரோ..."

"அப்படியேதான். உங்க எடைக்குக் கணக்குப் போட்ட மாத்திரை, அவர் எடைக்குள்ள போயிருக்கு. நீங்க பிஸ்கட் தின்னதுக்கு உங்களைத் திட்டறதா, கும்பிடறதான்னே எனக்குத் தெரியல."

"ஒரு ரெண்டு நிமிஷம் அவரைப் பாக்கலாமா மேடம்?"

உள்ளே மானிட்டர் பீப்... பீப்... என்றது. அவன் மூக்கில் பஞ்சு. கண் பாதி திறந்திருந்தது. அவள் குனிந்ததும் உதடு அசைந்தது.

"ஏன்டி... உனக்கு... எப்படிச் சந்தேகம்..."

அவளுக்கு அழுகை வந்தது. நிஜ அழுகைதான். பதினொரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவன் ஆயிற்றே.

"பதினொரு வருஷமா தினம் ஒரு இனிப்புப் பெட்டி வாங்கிட்டு வந்தீங்க. குண்டா இருந்தா எங்கேயும் போக மாட்டேன்னு ஊட்டி ஊட்டி வளர்த்தீங்க. ஆபரேஷன்னு வாயெடுத்தாலே மூணு வருஷமா அடி. அப்புறம் திடீர்னு ஒரு நாள், 'சரி குண்டும்மா, பண்ணிக்கோ'ன்னு தேனா ஒழுகினீங்க..."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் காதுக்குக் கிட்டே போனாள்.

"எனக்கு ஆபரேஷன் மேலதாங்க சந்தேகம். உங்க மேல சந்தேகமே இல்ல. முதல் நாளே அடுப்படிக் கதவிடுக்குல பாத்துட்டேன்... மாத்திரையை நுணுக்கிக்கிட்டு இருந்தீங்க."

அவன் கண்கள் முழுசாகத் திறந்தன!

"போ... போலீஸ்ல..."

"சொல்லியிருக்கலாம். யார் நம்புவா? தின்னு தின்னு மூளையும் கொழுத்துப்போச்சுன்னு சிரிச்சிருப்பாங்க. நீங்க கலந்ததை நீங்களே குடிச்சீங்க. நடுவுல நான் மிளகு மட்டும்தான் போட்டேன். உங்க ரத்தத்தை என் பேர்ல கொடுத்து நீங்களே மாட்டிப்பீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

பீப்... பீப்... பீ...................

நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். அவளை வெளியே அனுப்பினார்கள்.

கால் மணி நேரம் கழித்து டாக்டரம்மா வந்து அவள் தோளில் கை வைத்தார். சொல்ல வேண்டியதை முகமே சொல்லிவிட்டது.

"மனசைத் தேத்திக்குங்கம்மா. உங்க ஆபரேஷனைப் பத்தி இப்ப யோசிக்க வேண்டாம். சந்தேகம் எல்லாம் தீர்ந்தப்புறம், பதிமூணு நாள் பவுடரை ஒழுங்காக் குடிச்சிட்டு வாங்க. போதும்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"தேதி போட்டுடுங்க மேடம். இந்தத் தடவை நானே கலந்து நானே குடிச்சிடறேன்... சூப் குடிக்கத்தான் வீட்ல ஆள் இல்லையே!"