ஓட்டிஸுக்காக ஒரு சண்டை

"கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப கூடைப்பந்து ஆட்டம் வைக்கிறவனுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்று கத்தினார் வெண்டல்.

"எதிராளி என்னைக்கு வர்றேங்கறானோ அன்னைக்குத்தானே வைக்க முடியும்?" லோரீனும் குரலை உயர்த்தினார். "என் கஷ்டம் உனக்கெங்க தெரியப்போகுது? அன்னைக்குத்தான் சர்ச்சுல நான் நடத்தற பிள்ளைங்க நாடகத்துக்கு ஒத்திகை. ஆட்டுக்குட்டி இல்லாம இயேசு எப்படிப் பொறப்பார்?"

நாடகத்து ஆட்டுக்குட்டி வேறு யாருமில்லை, வெண்டலின் மகள் ட்ரூடிதான். பத்து வயது. அப்பாவும் பக்கத்து வீட்டு லோரீனும் கத்திக்கொண்டிருக்க, அவள் நிதானமாக லோரீன் செய்து கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். என் சமையலறை ஜன்னல் வெண்டல் வீட்டுச் சமையலறைக்கு நேர் எதிரே இருக்கிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை போட்டால் நான் காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்? போதாதற்கு, அன்று முட்டை கடன் வாங்க நானே அங்கே போய்விட்டேன்.

மேசையின் மறுகோடியில் ஓட்டிஸ் இருந்தான். எங்கள் ஊர்க் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் உயரமான பையன். விடுமுறைக்கு மாணவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போனதும் விடுதியைப் பூட்டிவிடுவார்கள். ஆட்டம் இருக்கும் வீரர்கள் எங்கே போவார்கள்? வீட்டுக்கொருவராக எங்களோடுதான். ஓட்டிஸின் கால்கள் வெண்டல் வீட்டுக் கட்டிலுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்ததாம். ட்ரூடி சொன்னாள்.

சண்டை மும்முரமாக நடக்க, ஓட்டிஸ் காகிதக் கைக்குட்டைகளைச் சுருட்டி மூலையில் இருந்த குப்பைக்கூடைக்குள் வீசிக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் உள்ளே.

"அட, பாரு, பாரு," என்றார் வெண்டல். சண்டை நின்றது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஓட்டிஸையே பார்த்தோம்.

அடுத்த உருண்டை அடுப்பின் மேல் போய் விழுந்தது.

ஓட்டிஸின் முகம் வாடிவிட்டது. ஏனென்றால் அவனுடைய வியாதியே அதுதான். எதிராளி தப்பாக இடித்தால், இடிபட்டவன் கோட்டில் தனியாக நின்று பந்தை வளையத்துக்குள் வீசலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். சுலபமான காரியம். எங்கள் ஊரில் ஓட்டிஸால் அது மட்டும் முடியவில்லை.

சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும்போது அவன் ட்ரூடியிடம் மெதுவாகச் சொன்னான். "இந்த ஆட்டத்துலயும் கோட்டை விட்டா பயிற்சியாளர் என்னை பெஞ்சுல உட்கார வெச்சிடுவார். பேசாம எங்க ஊருக்கே போயிடலாம்னு பார்க்கறேன். திரும்பி வர மாட்டேன்."

ட்ரூடியின் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. "உங்க வீட்டுல எத்தனை பேர்?" என்று கேட்டாள்.

"தம்பி தங்கச்சி மட்டும் ஆறு பேரு. எங்க வீட்டுல ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குக் கேக்காது."

"வெளியூர் ஆட்டம் எல்லாம் நான் ரேடியோல கேட்டிருக்கேன். அங்க நீ ஒண்ணுகூடத் தவற விடலையே?"

"அங்க எல்லாரும் கத்துவாங்க. அதைப் பார்த்தா எனக்குச் சிரிப்பா வரும்."

ட்ரூடி தட்டைத் துடைத்து அடுக்கினாள்.

ஆட்டத்தன்று ஒத்திகையிலிருந்து அவள் நேராக அரங்கத்துக்கு வந்தாள். பஞ்சு ஒட்டிய உடை, தொங்கும் காதுகள். மாணவர்கள் இல்லாததால் அரங்கம் பாதி காலி. ஊர்க்காரர்கள் நாங்கள் மட்டும் எங்கள் வழக்கமான இடங்களில் உட்கார்ந்திருந்தோம். வெண்டலுக்கும் லோரீனுக்கும் எப்போதும் அடுத்தடுத்த நாற்காலிதான். எதற்கென்று எனக்கும் புரிந்ததில்லை. நான் அவர்களுக்குப் பின் வரிசை. காது கேட்க வசதியான இடம்.

முதல் பாதியில் ஓட்டிஸ் கோட்டுக்கு வந்தான். எதிரணிக்காரன் வீசும்போது நாங்கள் காலால் தரையை உதைத்துக் கூச்சல் போடுவோம். நம் பையன் வீசினால் மூச்சுகூட விட மாட்டோம். அதுதான் இந்த ஊர் மரியாதை. ஓட்டிஸ் மேல் எல்லோருக்கும் பாசம் அதிகம் என்பதால் அன்று அமைதியும் அதிகம். குழந்தைகளின் வாயைக்கூடப் பொத்தினார்கள்.

இரண்டு வீச்சும் வெளியே. பயிற்சியாளர் அவனை உட்கார வைத்துவிட்டார்.

இடைவேளையில் ட்ரூடி சொன்னாள். "அப்பா, நாம அமைதியா இருக்கறதாலதான் ஓட்டிஸ் தப்பா வீசறான். அடுத்த தடவை சத்தம் போடணும்."

"நம்ம பையன் வீசும்போதா?" வெண்டல் திகைத்துப் போனார். "ஆட்டுக்குட்டி, பேசாம சோளப்பொரி தின்னு."

"இந்த ஒரு விஷயத்துல உங்கப்பா சொல்றது சரி," என்றார் லோரீன்.

அவர்கள் ஒத்துப்போனதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஓட்டிஸை மறுபடி இறக்கினார்கள். உடனே ஒருவன் அவனை இடித்துத் தள்ளினான். ஓட்டிஸ் கோட்டில் நின்றான். அரங்கம் அடங்கியது. அவன் வீசாமல் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தான்.

ட்ரூடி நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"மிஸ் லோரீன்," என்றாள் கணீரென்று. "உங்க உருளைக்கிழங்கு சாலட்டைச் சாப்பிடறதுக்குச் சுண்ணாம்பு தின்னலாம்னு அப்பா சொன்னார்."

அரங்கம் முழுக்கக் கேட்டது.

"சுண்ணாம்பா?" லோரீன் எழுந்துவிட்டார். "போன ஞாயித்துக்கிழமை மூணு தடவை வாங்கித் தின்ன வாய்தானே இது?"

"பசிச்சா என்னதான் செய்யறது? உப்பில்ல, ருசியில்ல."

"டாக்டர் உனக்கு உப்பைக் குறைக்கச் சொன்னாரேன்னு பாவம் பார்த்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"கொஞ்சம் கடுகு போட்டா சரியாயிடும்," என்று நானும் சொல்லிவைத்தேன். சும்மா இருக்க முடியவில்லை. அதற்கு நாலு பேர் பதில் சொன்னார்கள். கடுகு கூடுமா கூடாதா என்று அரங்கத்தின் அந்தப் பக்கமே இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

ஓட்டிஸ் நிமிர்ந்து பார்த்தான். நாற்காலி மேல் ஓர் ஆட்டுக்குட்டி. அதன் பக்கத்தில் கைநீட்டிச் சண்டை போடும் இரண்டு பெரியவர்கள். அவன் தோள்கள் குலுங்கின. சிரித்துக்கொண்டே வீசினான். உள்ளே. இரண்டாவதும் உள்ளே.

அதற்கப்புறம் அவன் கோட்டுக்கு வந்தபோதெல்லாம் வெண்டல் தாமாகவே, "அப்புறம் அந்த வெங்காயம்," என்று ஆரம்பித்தார். ஓட்டிஸ் ஒன்றுகூடத் தவற விடவில்லை.

ஆட்டத்தில் என்னவோ தோற்றுப்போனோம். "மாணவர்கள் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம். யாருய்யா இந்தத் தேதியைக் குறிச்சது?" என்று வெண்டல் வீடு வரை புலம்பினார். பின்னால் ஓட்டிஸ், களைத்துத் தூங்கிவிட்ட ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பனியில் நடந்தான். ஊருக்குப் போகும் பேச்சை அவன் அப்புறம் எடுக்கவில்லை.

அதெல்லாம் நடந்து பல வருஷம் ஆகிவிட்டது. லோரீன் குளிர் தாங்காமல் தங்கையோடு வெயில் காயும் அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டார். வெண்டலும் அவரும் இப்போது தொலைபேசியில் சண்டை போடுகிறார்கள். ஓட்டிஸ் படித்து முடித்து மெம்பிஸ் நகரத்தில் பள்ளி ஆசிரியர் ஆனான். போன ஜூனில் அவனுக்கு எங்கள் சர்ச்சிலேயே கல்யாணம். லோரீனும் அதற்காக வந்து, வெண்டலோடும் ட்ரூடியோடும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்.

பாதிரியார், "இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டார். சர்ச் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஓட்டிஸ் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. மணப்பெண் அவனைப் பார்த்தாள். அவன் மெல்லத் திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தான்.

ட்ரூடி இப்போது நன்றாக வளர்ந்துவிட்டாள். நாற்காலி மேல் ஏறத் தேவையில்லை. "மிஸ் லோரீன், இன்னைக்காவது சாலட்ல உப்பு போட்டீங்களா?" என்றாள்.

"அதை என்கிட்ட கேளு," என்றார் வெண்டல்.

"உன்கிட்ட யாரு கேட்டா?" என்றார் லோரீன்.

ஓட்டிஸ் சிரித்துக்கொண்டே சம்மதம் சொன்னான்.