தலைகீழாய்த் தொங்கிய மொந்த்ரே

ஏணி ஆடியது. மேலே நின்று ஊர்ப்பெயர்ப் பலகையின் திருகாணியைத் தளர்த்திக்கொண்டிருந்த சொலேன் கம்பத்தைக் கட்டிக்கொண்டாள். கீழே யாரோ ஒருவன் ஏணியைப் பிடித்தான்.

"சேத்துல ஏணி வெச்சா அடியில கட்டை போடணும், மேடம்."

"போர்டைக் கவுத்துட்டுப் போனவங்க கட்டையையும் போட்டுட்டுப் போயிருக்கலாம்."

அவன் சிரித்தான். மழை சொட்டும் புருவத்துக்குக் கீழே லுவார் ஆற்றின் நிறத்தில் கண்கள்... சாம்பலா, பச்சையா? அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் போராட்டத்தில் இறங்கிய விவசாயிகள் ஊர்ப்பலகைகளைத் தலைகீழாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். நாட்டை ஆள்கிறவர்கள் தலைகீழாக நடக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். ஆற்றங்கரையின் பழைய ஊரான மொந்த்ரேயும் தப்பவில்லை. நகராட்சி ஊழியரான சொலேன் நிமிர்த்துவாள். சில நாளில் மறுபடி கவிழ்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும், அன்று ஏணி பிடித்த பால்பண்ணைக்காரன் பஸ்தியேன் டிராக்டரை நிறுத்திவிட்டு வருவான்.

"கவுக்கறதும் நீங்க, ஏணி பிடிக்கறதும் நீங்களா?"

"கவுக்கறது கொள்கை. பிடிக்கறது மரியாதை."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

போராட்டம் முடிந்தது. சுற்றுவட்டார ஊர்களெல்லாம் நிமிர்ந்துவிட்டன. மொந்த்ரே மட்டும் கவிழ்ந்துகொண்டே இருந்தது. மேயரான அவள் அப்பா சாப்பாட்டு மேசையில் பாலாடைக்கட்டியை நறுக்கியபடி சொன்னார்: "எத்தன யுத்தத்தப் பாத்த பேரு... இப்ப வௌவால் மாதிரி தொங்குது. எவன்னு உனக்குத் தெரியும். சொல்லும்மா, போலீஸ்ல புகார் குடுத்துடறேன்."

"தெரியாதுப்பா."

அப்பாவிடம் அப்படிப் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. மறுநாள் பஸ்தியேன் ஏணியைத் தொட்டதும் வெடித்தாள்.

"போராட்டந்தான் முடிஞ்சாச்சே. இன்னும் என்ன கொள்கை? உங்க விளையாட்டுக்கு நான் எங்கப்பாகிட்டப் பொய் சொல்லணுமா?"

அவன் ஏணியிலிருந்து மெல்லக் கையை எடுத்தான்.

"இனிமே கவுக்க மாட்டேங்க."

சொன்னபடியே நடந்தான். பலகை நிமிர்ந்தே நின்றது. டிராக்டரும் நிற்காமல் போனது. அந்த இடத்தில் வண்டியை நிறுத்த சொலேனுக்கு ஒரு காரணமும் மிஞ்சவில்லை. கூப்பிட்டால் என்ன? மனம் கேட்டது, மானம் விடவில்லை.

மழை விட்ட ஒரு மாலையில் அவளே ஏணியைச் சாய்த்தாள். திருகாணிகளைக் கழற்றி, பலகையைத் தலைகீழாக மாட்டினாள். பின்னால் டிராக்டர் நின்றது.

"சத்தியமா இது நான் பண்ணலைங்க. உங்கப்பாகிட்ட..."

"நான்தான் பண்ணேன். அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்."

"நீங்களா? எதுக்கு?"

கடைசித் திருகாணியை இறுக்கி முடிக்கும்வரை அவள் திரும்பவில்லை.

"நேரா இருந்தா... நீ நிக்காமப் போயிடறியே."

பஸ்தியேன் சேற்றில் இறங்கி வந்தான். ஏணிக்கு அடியில் அவள் கட்டை போட்டிருந்தாள், அது ஆடவில்லை. ஆனாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.