பச்சையிலேயே இருந்த சொல்

காலை ஏழு மணிக்குத் தூத்துக்குடிச் சொல்லளவை நிலையத்தில் அன்றைய சொற்கள் மேசைகளுக்கு வந்தன. இணையத்தில் புழங்கும் கொச்சைச் சொற்களைக் குரல்பதிவுகளில் கேட்டு, கொஞ்சல் என்றால் பச்சை, வசை என்றால் சிவப்பு இடுவது ஜெசிந்தாவின் வேலை. இயந்திரங்களுக்குத் தொனி பிடிபடவில்லை.

பச்சைச் சொல்லால் ஒருவரை ஆயிரம் பேர் அழைத்துவிட்டால் அது அவர் தலைக்கு மேல் ஒட்டிக்கொள்ளும். விழிவில்லை அணிந்த எல்லோரும் படிக்கலாம். செல்லப்பெயரோடு திரிய மக்கள் ஆசைப்பட்ட காலத்து ஏற்பாடு. சொல் சிவப்பானால் உதிர்ந்து, அதை முதலில் சொன்னவர் தலைக்குப் போய்விடும்.

மூன்று வருடங்களாக 'மிதவை' அவள் மேசையில்தான் இருந்தது. கடலில் மல்லாந்து மிதந்த தம்பி ரீகனைக் காணொளி எடுத்து, அந்தப் பெயரை வைத்தவளே அவள்தான். ஊரே சிரித்துக்கொண்டு அழைத்தது. பிறகு வேலையில்லாதவர்களை அப்படிச் சொன்னார்கள். இப்போது உட்கார்ந்து தின்பவன் என்று அர்த்தம். இரண்டு நேர்முகத் தேர்வுகளில் ரீகனின் முகத்தைப் பார்க்காமல் அதற்கு மேலே பார்த்தார்கள்.

இன்று பத்து மணிக்குத் துறைமுகத்தில் மூன்றாவது. அக்காவையும் கூட்டிப்போக ரீகன் நிலைய வாசலில் வந்து நின்றான்.

"எக்கா, கிளம்பலையா? பஸ்ஸு போயிரும்."

"அஞ்சு நிமிசம்ல."

பக்கத்து மேசை ராபியா எட்டிப் பார்த்தாள். "இது உன் வீட்டுச் சொல்லு தானட்டி? வீட்டுச் சொல்ல அடுத்த மேசைக்குத் தள்ளணும்னு மொத நாளே சொல்லித்தாராங்கல்லா?"

"எனக்கு அது கெட்ட வார்த்தையா கேக்கவே இல்ல, ராபியா."

"உனக்கு எப்படிக் கேக்கும்? நீ வச்ச பேரு."

ஜெசிந்தா கேட்பானை மறுபடி காதில் மாட்டினாள். பதிவுகளில் ஒரு பெண் அந்தச் சொல்லைக் கத்தினாள், ஒருவன் சொல்லிவிட்டுக் காறித் துப்பினான். ஒவ்வொன்றுக்கும் அடியில் கரையில் நின்று தம்பியைக் கூப்பிடும் தன் குரலே கேட்டது. அதை நம்பித்தான் மூன்று வருடமும் பச்சை இட்டாள்.

"நானே தள்ளிவிடட்டா?" என்றாள் ராபியா.

"உன் மேசைக்கு வந்து முடிய மத்தியானம் ஆயிரும். அவனுக்குப் பத்து மணிக்கு."

சிவப்பை அழுத்தினாள். தலையில் பாரம் எதுவும் தெரியவில்லை. ராபியாவின் பார்வை மட்டும் மெல்ல மேலேறி நின்றது.

பேருந்தில் பக்கத்தில் இருந்த பெண் பையை மடிக்கு இழுத்துக்கொண்டு எழுந்து போனாள். காலியான இடத்துக்கு ரீகன் வரவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"எக்கா... துறைமுக ஆபீஸ்காரங்க இதே பஸ்ல வருவாங்க."

"சரி."

"இன்னைக்கு மட்டும்."

"முன்னாடி போய் உக்காருல. சட்டை கசங்காம."

போனான். நிறுத்தம் வரை அவன் தலைக்கு மேலிருந்த வெறும் காற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பாமல் இறங்கினான்.