வெள்ளைக் கட்டத்தின் சாட்சியம்

2025 நவம்பர் 12, புதன்கிழமை. விடியற்காலை முதல் காரைக்குடியில் விடாத தூறல். வழக்கறிஞர் நீலாயதாட்சியின் அலுவலகத்திற்குள் சீதை ஆச்சி நனைந்த குடையோடு நுழைந்தார்.

"எங்க பூர்வீக வீட்டு வழக்குல, கோர்ட்டுல ஸ்டேட்டஸ் கோன்னாக. அதை நான் மீறிட்டேனாம். கூடத்துல இருந்த பெல்ஜியம் கண்ணாடியக் காணோமாம். என்னைய வெளியேத்தச் சொல்லிப் பங்காளி முருகப்பன் மனுப் போட்டுட்டாக. அங்க நான் இருக்குற ரெண்டு அறைய விட்டா எனக்குப் போக்கிடம் ஏது?"

"ஸ்டேட்டஸ் கோன்னா, இருக்குறது இருந்தபடியே இருக்கட்டும்னு அர்த்தம், ஆச்சி. கண்ணாடிய நீங்க பாத்திருக்கீகளா?"

"நான் குடிவந்த நாள்லேருந்து அங்க கண்ணாடியே இல்ல. கூடத்துப் பக்கம் போறதும் இல்ல. தீபாவளிக்கு வந்த முருகப்பன்தான் அங்க படுத்திருந்தாக."

நண்பகலில் ஆச்சி, நீலாயதாட்சி, அவருடைய ஜூனியர் ஆகாஷ் மூவரும் அந்த வீட்டை அடைந்தனர். முருகப்பன் காத்திருந்தார். கூடத்தில் முன்னோர்களின் படங்கள் வந்தவரைக் குனிந்து பார்ப்பனபோல் வரிசையாகத் தொங்கின. புகையேறிப் பழுத்த சுவரின் நடுவே, அளவெடுத்தாற்போல் ஒரு வெள்ளைக் கட்டம்.

"ரெஸ் இப்ஸா லோகிட்டர்!" என்று ஆகாஷ் தன்னை மறந்து கூவினான்.

"தமிழ்ல சொல்லுப்பா."

"பொருளே பேசும், மேடம்."

"உங்க ஆளே ஒத்துக்கிட்டாக!" என்று முருகப்பன் சிரித்தார். "போன மாசம் வரைக்கும் கண்ணாடி இருந்த எடம் அது." ஆகாஷின் முகம் தொங்கிப்போயிற்று.

"பிரைமா ஃபேசி, அதாவது மொதப் பார்வைக்கு, நீங்க சொல்றது சரிதான். ரெண்டாந்தடவையும் பாத்துருவோம். ஆகாஷ், ஏணியில ஏறிப் பக்கத்துப் படத்தைக் கழட்டு."

கழற்றிய இடமும் பழுத்தே இருந்தது. அடியில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு.

"இந்த ஊர் வீடுகள்ல படமோ கண்ணாடியோ, அடிப்பக்கம் சுவத்துல இருக்கும், மேல்பக்கம் முன்னால சாஞ்சிருக்கும். எடைவெளியில புகை புகுந்துரும். ஒரு கோடுதான் மிஞ்சும். முழுக் கட்டமும் வெளுத்திருந்தா, அது தேச்சது. மெட்ராஸ் ஃபிளாட்டுல ஒட்டி மாட்டுற மாதிரி நெனச்சுத் தேச்சுட்டீக, முருகப்பன்."

முருகப்பன் தரையில் அமர்ந்துவிட்டார். "கண்ணாடி அப்பச்சி காலத்துலயே போயிருச்சு. எனக்கு வேலை இல்ல, ஆச்சி. வீட்ட வாடகைக்குக் கேக்குற ஹோட்டல்காரவுக, காலி வீடாத்தான் வேணுங்குறாக."

"அதுக்கு என்னையத் திருடியாக்கணுமா? வாயத் தொறந்து கேட்டா என்ன? முன்கட்ட வாடகைக்கு விடுங்க. பின்கட்டுல நான் கெடந்துக்கிறேன்."

முருகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம் வக்கீலைத் தொலைபேசியில் அழைத்தார். "மனுவ வாபஸ் வாங்கிருங்க. ஆச்சி இங்கேயேதான் இருப்பாக."

அப்போது பிற்பகல் மணி இரண்டு பதினேழு.