கப்பல் நம்பாது

சனிக்கிழமை மாலை வழக்கம்போல் சுகிர்தா மகளின் பழைய லேப்டாப்பைத் துடைத்துத் திறந்தாள். அந்த அம்பத்தூர் வீட்டில் மற்றதெல்லாம் புதுசு. சுவரே திரை, காற்றே விசைப்பலகை. இது மட்டும் கீல் தளர்ந்து, பேட்டரி செத்து, சுவர் பிளக்கில் கட்டிப்போட்ட ஆடு மாதிரிக் கிடந்தது.

மகிழினியின் வாரக் கடிதம் வரும் நேரம். இன்று அதற்கு முன்னால் ஒரு சிவப்புப் பட்டை வந்தது.

'இல்லக்கருவியின் நிலைநிரல் இன்றிரவு காலாவதியாகிறது. புதுப்பிக்கவும்.'

நிலைநிரல் என்றால் ஃபர்ம்வேர். புதுப்பி என்ற பொத்தானை அழுத்தினாள். 'பேட்டரி பத்து சதவீதத்துக்குக் குறைவு. இயலாது.'

புதுப்பிக்காவிட்டால் மகளோடு பேச்சு இன்றோடு சரி.

மகிழினி போனது திரும்பி வராத விண்கப்பலில். குரலையும் முகத்தையும் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றாகிவிட்ட காலம் அது. போலி அம்மா ஒருத்தியின் அழுகையை நம்பிக் கதவைத் திறந்து ஒரு கப்பல் அழிந்தது. அதன்பிறகு சட்டம் ஒன்றே ஒன்றுதான். புறப்படும் நாளில் பயணி ஒரு கருவியைத் தொட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதன் சில்லு, அதாவது சிப், பேசினால்தான் வீடு பேசுகிறது என்று கப்பல் ஏற்கும். மாற்றவே முடியாது. மகிழினி தன் கல்லூரி லேப்டாப்பைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கப்பலுக்கும் வீடுகளுக்கும் நடுவே இருக்கும் தொடர்பகத்தை சுகிர்தா அழைத்தாள். எடுத்தவள் ஓர் இளம் அதிகாரி.

"பேட்டரிய மாத்திடுங்கம்மா."

"அதைச் செய்யறதையே நிறுத்திட்டாங்களேம்மா. உனக்கு வயசு என்ன?"

அதிகாரி சிரித்தாள். "அப்போ கட்டாய நிறுவல்னு ஒண்ணு இருக்கு, போடுங்க. பேட்டரியைப் பார்க்காம ஏத்திடும். ஆனா நடுவுல கரண்ட் நின்னா சில்லு செத்துடும்."

"இப்பல்லாம் எங்க கரண்ட் போகுது?"

"அதான் சொல்றேன். தைரியமா போடுங்க."

போட்டாள். நீலக் கோடு மெல்ல நகர்ந்தது. பாதிக்கு மேல் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மொட்டை மாடியில் துணி. கணவர் தணிகாசலம் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். சுகிர்தா படியேறி ஓடினாள்.

கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்தபோது இடி இடித்தது. தலைக்கு மேலேயே.

கீழே வந்தபோது லேப்டாப் இருட்டாக இருந்தது. தணிகாசலம் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் இடிதாங்கி வந்து ஒரு தலைமுறை ஆகியும் அவர் கை பழக்கத்தை விடவில்லை.

"இடி இடிக்குது, நீ பாட்டுக்கு மேல போயிட்ட," என்றார். "முதல்ல பாப்பாவோடதத்தான் பிடுங்கினேன். ஃப்ரிட்ஜெல்லாம் போனா வாங்கிக்கலாம்."

சுகிர்தா துணிகளைக் கீழே போட்டாள். பிளக்கை மாட்டி அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். பிறகு நிறுவல் பாதியில் நின்றதால் சில்லு செத்துவிட்டதை அவரிடம் சொன்னாள். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தொடர்பகத்தில் அதே பெண். அவள் பேச்சு அறை முழுக்கக் கேட்டது.

"உங்க குரல நான் நம்பறேன்மா. கப்பல் நம்பாது."

"அவகிட்ட என்ன சொல்வீங்க?"

"சில்லு நின்னா, இல்லம் அணைந்தது, வீட்ல யாரும் உயிரோட இல்லைன்னு தானாவே தகவல் போயிடும். துக்க விடுப்பு கொடுப்பாங்க. உங்க பேரு நினைவுச் சுவர்ல ஏறும்."

"ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கோமேம்மா."

"தெரியுதும்மா."

தணிகாசலம் தொண்டையைச் செருமினார். "ஒருத்தரையாவது விட்டுவைங்கம்மா. நான் போயிட்டேன்னு சொல்லிடுங்க. இவ இருக்கான்னு மட்டும்..."

மறுமுனையில் அவள் பதிவைத் திறந்து பார்த்தாள்.

"தகவல் போயிடுச்சு ஐயா," என்றாள் அதிகாரி. "ரெண்டு பேரும்னு."