கிருஷ்ணவேணி பூட்டிய ஃபோல்டர்

ஆரியசாலையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் நான். போன ஜூலையில் ஒரு மதியம், ஸ்ரீவராகத்திலிருந்து ஹரிகுமார் என்பவர் அழைத்தார். மனைவியின் லேப்டாப்பைத் திறந்து கொடுக்க வேண்டும், வீட்டுக்கே வர வேண்டும் என்றார். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. நீளமான, இருண்ட வீடு. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகளைக் கடந்து என்னைக் கடைசி அறைக்குக் கூட்டிப்போனார்.

“கிருஷ்ணவேணி போய் நாப்பது நாளாச்சு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா.”

மேசைக்கு நேர் பின்னால் அந்தக் குளியலறைக் கதவு மூடியிருந்தது.

லேப்டாப் சுலபமாகவே திறந்தது. உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர்தான் பூட்டியிருந்தது.

“மேடம் என்கிரிப்ட் பண்ணி வச்சிருக்காங்க சார். பாஸ்வேர்ட் இல்லாம யாராலயும் இத வாசிக்க முடியாது.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. உள்ள என்ன இருக்குன்னு நான் பாத்தாகணும், கேட்டேளா.”

குரல் தாழ்வாகத்தான் இருந்தது. ஆனால் நாற்காலியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

பிறந்த நாள், கல்யாண நாள், அவள் அம்மா சரோஜத்தின் பெயர் என்று அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். எதுவும் திறக்கவில்லை. அப்போதுதான் சீயக்காய் வாசனை வந்தது. யாரோ தலை குளித்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்பது போல. எனக்குப் பின்னால் தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

“சார், குழாய் ஒழுகுதா?”

“இல்லையே.”

அவருக்கு ஃபோன் வந்தது. பேசுவதற்காக வாசலுக்குப் போனார்.

சொட்டும் சத்தம் நெருங்கி வந்தது.

என் கழுத்து சில்லிட்டது.

என் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. ஆனால் ஒரு விசை அமிழ்ந்தது. பாஸ்வேர்ட் கட்டத்தில் ஒரு புள்ளி விழுந்தது. பிறகு இன்னொன்று. நிதானமாக, தப்பில்லாமல், பதினான்கு புள்ளிகள்.

ஃபோல்டர் திறந்தது.

எல்லாம் அவள் கண்ணாடி முன் நின்று எடுத்த படங்கள். நீலம் பாரித்த தோள். கிழிந்த உதடு. ஒவ்வொன்றின் பெயரும் ஒரு தேதி. கடைசிப் படம் அவள் சாவதற்கு முந்தின நாள் எடுத்தது. கழுத்தில் விரல் தடங்கள் இருந்தன.

“அம்மாட்ட கொடுங்கோ.”

காதோரம், மூச்சே இல்லாத குரல்.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. படங்களை என் பென்டிரைவில் ஏற்றினேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஃபோல்டரை மூடினேன். அது மறுபடியும் பூட்டிக்கொண்டது.

“கிடைச்சுதா?”

“இல்ல சார். இனி யாராலயும் முடியாது.”

அவர் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம் இல்லை. நிம்மதி.

அன்று மாலையே விசாரித்துக்கொண்டு, கரமனையில் சரோஜம் அம்மாவைத் தேடிப் போனேன். ஒவ்வொரு படமாகப் பார்த்தார். அழவில்லை.

“ஃபோன் பண்றச்செல்லாம் சௌக்கியம்னுதான் சொன்னா,” என்றார் கடைசியில். “நாளைக்குக் காலம்பற ஸ்டேஷனுக்கு எங்கூட வருவியாப்பா?”

போனோம். பெண் எஸ்.ஐ. ஒருவர் பென்டிரைவைச் செருகிப் படங்களைப் பொறுமையாகப் பார்த்தார். கழுத்துப் படம் வந்ததும், அதுதான் கடைசி என்றேன்.

“அல்லல்லோ. இனியும் ஒண்ணு உண்டு,” என்று மலையாளத்தில் சொல்லி, திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

ஹரிகுமார் கட்டிலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். உத்தரத்திலிருந்து குனிந்து பார்த்தாற்போல, நேர் மேலேயிருந்து எடுத்த படம்.

அதன் பெயர், அன்றைய தேதி.

முந்தின நாள் மாலையிலிருந்து ஸ்டேஷனில் எடுத்துக் கொடுக்கும்வரை, பென்டிரைவ் என் சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை.